சொத்தைப் பல் வளர்ப்பு

காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, நாட்டுக்கோழி வளர்ப்பு, வண்ணமீன் வளர்ப்பு என்று பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் கையேடுகள் கிளிப் மாட்டித் தொங்குகின்றன. சொத்தைப் பல் வளர்ப்புக்கு மட்டும் ஒன்றைக்கூடக் காணோம். இத்தனைக்கும் இதைவிடப் பரவலாக நடக்கிற வளர்ப்பு உலகத்தில் வேறு கிடையாது. நிலைத்த பல்லில் சொத்தையை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்காமல் நடமாடுகிறவர்கள் சுமார் 200 கோடிப் பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022 அறிக்கையில் சொல்கிறது. நிலம் வேண்டாம், வங்கிக் கடன் வேண்டாம், ஆள் கூலி கிடையாது. வாய் ஒன்று போதும்.

ஆசை இருந்தும் முறை தெரியாமல் தோற்றுப்போகிறவர்கள் இதிலும் உண்டு. கல்யாணப் பந்தியில் நாலு ஜாங்கிரியை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த பத்து நாள் இனிப்புப் பக்கமே போகமாட்டார்கள். இடுப்பு பெருக்கும், பல் அசையாது. உழைப்பு இருந்தும் பலன் இல்லாத அந்த அப்பாவிகளை மனதில் வைத்துத்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல்லின் மேலே வெள்ளையாகத் தெரிகிற உறைக்கு எனாமல் என்று பெயர். மனித உடம்பில் இதைவிடக் கடினமான பொருள் இல்லை. எலும்பெல்லாம் இதற்கு அப்புறம்தான். எடையில் 96 சதவீதம் தாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்ற படிகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கடைவாய்ப் பல்லின் முகட்டில் இரண்டரை மில்லிமீட்டர் வரை கனம் இருக்கும். இதைப் படித்ததும் பலர் சோர்ந்துவிடுவார்கள். கை முறுக்கை நொறுக்குகிற சாமானை ஒரு ஸ்பூன் சர்க்கரை என்ன செய்துவிடும் என்று தோன்றும். தளரவேண்டாம். இந்தக் கோட்டைக்கு மூன்று குறைகள் உண்டு.

ஒன்று, அமிலத்தில் இது கரையும். பல்லின் மேல் இருக்கிற ஈரத்தின் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் படிகம் கரைய ஆரம்பிக்கிறது. எலுமிச்சைச் சாறெல்லாம் 2, 2.5 என்று கிடக்கும்போது 5.5 ஒன்றும் எட்டாத உயரமில்லை. இரண்டாவது, எனாமலைக் கட்டிய செல்கள் பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் தம் வேலையை முடித்துக்கொண்டு அழிந்துபோகின்றன. கை ஒடிந்தால் எலும்பு கூடும். எனாமலில் ஓட்டை விழுந்தால் புதிதாகக் கட்ட உடம்பில் ஆளே இல்லை. மூன்றாவதுதான் நமக்கு மிகப் பெரிய சகாயம்: எனாமலில் நரம்பு கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் புகார் வராது.

நல்ல மனை வேண்டுமென்றால் ஆறு வயதில் முளைக்கிற கடைவாய்ப் பல்லைப் பிடியுங்கள். இது எந்தப் பால் பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் முளைத்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் இதையும் பால் பல் கணக்கில் சேர்த்து, "விழுந்து முளைக்கிற பல்லுதானே" என்று விட்டுவிடுவார்கள். அது ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல். அதன் மேல்பரப்பில் இருக்கிற பள்ளங்கள் சில இடங்களில் பிரஷ்ஷின் ஒற்றை நாரைவிடவும் குறுகல். உள்ளே போனதை வெளியே எடுக்கப் பிரஷ்ஷால் முடியாது.

அடுத்தது இனம். என்னத்தை வளர்க்கிறோம் என்று தெரியாமலே மனிதன் பல்லாயிரம் ஆண்டுகள் இதை வளர்த்துவந்தான். பல்லுக்குள் புழு இருந்து குடைகிறது என்று பாபிலோனியர்கள் நம்பினார்கள். நம் ஊரிலும் அது பல் பூச்சிதான். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகையை வாயில் பிடித்தால் பூச்சி விழும் என்று பாட்டிமார்கள் கிண்ணத்தை நீட்டிக் காத்திருந்தார்கள். 1728இல் பிரெஞ்சுப் பல் வைத்தியர் பியர் ஃபோஷார் தன் பெரிய நூலில் புழுக் கதையை ஒதுக்கித் தள்ளினார். அதற்கு முன்னாலேயே, 1683இல், ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக் தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளைப் பசையைச் சுரண்டித் தானே செய்த லென்ஸ் வழியாகப் பார்த்து, அதற்குள் குட்டி உயிர்கள் நீந்துவதாக லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவர் தினமும் உப்பு போட்டுப் பல் தேய்க்கிறவர் என்பதைக் கவனியுங்கள். தேய்க்கிறவருக்கே அவ்வளவு கிடைத்ததென்றால் நமக்கு என்ன குறை!

அந்த உயிர்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்பதை பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கர் வில்லோபி மில்லர் 1890இல் புத்தகமாகவே போட்டார். குறிப்பிட்ட ஒரு ஜாதியைச் சொத்தைக்குள்ளிருந்து பிரித்தெடுத்தவர் லண்டனில் கிளார்க் என்பவர், ஆண்டு 1924. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். வாயில் நூற்றுக்கணக்கான பாக்டீரியா இனங்கள் குடியிருக்கின்றன. பாதிக்கு மேல் பரம சாது. மியூட்டன்ஸும் அதன் சில கூட்டாளிகளும்தான் உங்களுக்கு வேண்டிய ஆட்கள்.

குஞ்சு வாங்க எங்கும் அலையவேண்டாம். பிறந்த குழந்தையின் வாயில் மியூட்டன்ஸ் இருக்காது. பருப்பு சாதம் சூடாக இருக்கிறதா என்று ஒரு வாய் பார்த்துவிட்டு அதே ஸ்பூனைக் குழந்தைக்கு நீட்டும் பாசமான பெரியவர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். சப்ளை அங்கிருந்து தானாக வந்துவிடும்.

கொட்டகை போடுவது இன்னும் சுலபம். தேய்த்து முடித்த பல்லின் மேல் சில நிமிடங்களில் எச்சிலில் உள்ள புரதங்கள் மெல்லிய படலமாக ஒட்டுகின்றன. சில மணி நேரத்தில் அதன்மேல் பாக்டீரியா வந்து உட்காருகிறது. இங்கேதான் சர்க்கரையின் மகிமை. மியூட்டன்ஸ் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்னும். இன்னொரு பங்கை ஒரு நொதியால் உருமாற்றிக் குளூக்கன் என்ற கெட்டிப் பசையாக்கும். தீவனமும் அதே, கொட்டகைக்குச் சிமெண்டும் அதே. காலையில் பல் விளக்கும் முன், கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் ஈறோரமாக நகத்தால் ஒரு கீறு கீறிப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக, மாவு மாதிரி, லேசான நாற்றத்தோடு நகத்தில் ஏறி வருகிறதே, அதுதான் பிளேக். அந்த நகக்கண்ணில் இருக்கிற உயிர்களின் எண்ணிக்கை சென்னை ஜனத்தொகையைச் சாதாரணமாகத் தாண்டும். தண்ணீரால் எவ்வளவு கொப்பளித்தாலும் பிளேக் போகாது. ஆகவே கொப்பளிப்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். வீட்டில் பார்ப்பவர்களுக்காகப் பிரஷ் பிடிக்க வேண்டியிருந்தால், கண்ணாடியில் தெரிகிற ஆறு பல்லை மட்டும் வெளிப்பக்கமாக இழுத்துவிட்டு வந்துவிடலாம்.

தீவனம் விஷயத்தில் படித்தவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். வெள்ளைச் சர்க்கரையை வீட்டைவிட்டு விரட்டியாயிற்றே, இனி எங்கள் பல் எப்படிச் சொத்தையாகும் என்று கவலைப்படுகிற இயற்கைவாழ்வுக் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். தைரியமாக இருங்கள். நாட்டுச்சர்க்கரையும் பெருமளவு சுக்ரோஸ்தான். கருப்பட்டியும் அதேதான். பனங்கற்கண்டு பெயரிலேயே மருந்து வாசனை அடித்தாலும் உள்ளே சுக்ரோஸ்தான். தேனில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். அமிலம் தயாரிக்க அதுவும் தாராளம். இரும்புச்சத்து, பாரம்பரியம், உடன்குடி மண்வாசனை எதையும் மியூட்டன்ஸ் விசாரிப்பதில்லை. நம் வீடுகளில் குழந்தைக்குக் கருப்பட்டி மிட்டாயைக் குற்ற உணர்ச்சியே இல்லாமல் நாள் முழுக்கக் கொடுக்க முடிகிறது என்ற வகையில், இதை வெள்ளைச் சர்க்கரையைவிட ஒரு படி மேலான தீவனம் என்றே சொல்வேன்.

இனி தொழில் ரகசியம். எவ்வளவு போடுகிறீர்கள் என்பதைவிட எத்தனை தடவை போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1940களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்கர், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளிக்க வைத்து, பல்லின் மேல் பிளேக்கில் அமிலம் எப்படி ஏறுகிறது என்று அளந்தார். சில நிமிடங்களிலேயே பிஎச் 5க்குப் பக்கத்தில் குத்தென்று விழுகிறது. அப்புறம் எச்சில் வந்து மெல்ல மெல்லத் தூக்கி நிறுத்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. நாலு ஜாங்கிரியை மொத்தமாகத் தின்றவருக்கு ஒரு வீழ்ச்சி, ஒரு எழுச்சி, கதை முடிந்தது. அவருடைய எச்சில் மீதி நாள் முழுக்க, கரைந்துபோன கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பப் பல்லில் படியவைத்துக்கொண்டிருக்கும். அந்த ஓய்வைத் தரக்கூடாது. அது ஒன்றுதான் விதி.

இதை அப்பழுக்கில்லாமல் கடைப்பிடிக்கிற ஒருவரை ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பார்த்தேன். பத்தரை மணிக்கு வரும் டீயை எல்லோரும் இரண்டு நிமிடத்தில் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்துவிடுவார்கள். இவர் மட்டும் அதைத் தன் மூடிபோட்ட கப்பில் ஊற்றிக்கொள்வார். ஒரு வவுச்சரில் கையெழுத்து, ஒரு வாய் டீ. பன்னிரண்டு மணிக்கு அடியில் ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடப்பதையும் விடமாட்டார். மேஜை டிராயரில் கிரீம் பிஸ்கட் பாக்கெட். எடுத்தால் பாதிதான் எடுப்பார். மீதியைப் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டு, "டயட்ல இருக்கேன் சார்" என்பார். இருபது நிமிடம் கழித்து அந்த மீதிப் பாதி. பிஸ்கட் மாவு பல் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும்; அதிலிருக்கிற ஸ்டார்ச்சை எச்சிலே கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக்கிக் கொடுத்துவிடும். சாப்பாட்டுக்குப் பின் தொண்டைக்கு இதமாக ஒரு மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். அதைக் கடிக்கமாட்டார், மெதுவாகக் கரையவிடுவார். அவர் ஒருநாளில் தின்கிற மொத்தச் சர்க்கரை, ஜாங்கிரிக்காரர் ஒரு பந்தியில் தின்றதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பிளேக்கின் பிஎச் மட்டும் காலை பத்தரைக்கு இறங்கினது சாயங்காலம் பஸ் ஏறும்வரை தலைதூக்காது.

ஒட்டுகிற பண்டம் கிடைத்தால் இன்னும் விசேஷம். இதற்கு அத்தாட்சி ஸ்வீடனில் இருக்கிறது. லுண்ட் நகரத்தில் வீப்பெஹோல்ம் என்று மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான ஒரு பெரிய இல்லம் இருந்தது. அங்கே 1945 தொடங்கிப் பல ஆண்டுகள் ஓர் ஆராய்ச்சி நடந்தது. செலவில் ஒரு பங்கை மிட்டாய்த் தொழிலும் ஏற்றுக்கொண்டது. சிலருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரைத் தண்ணீர், சிலருக்கு இனிப்பு ரொட்டி, ஒரு கூட்டத்துக்குப் பல்லில் அப்பிக்கொள்ளும்படியே தயாரித்த டாஃபி, நாளைக்கு 24 வரை, வேளை இடைவெளியில். சாப்பாட்டோடு சர்க்கரை போனவர்களுக்குப் பெரிய சேதம் இல்லை. டாஃபிக்காரர்களின் பற்கள் சீரழிந்தன. 1954இல் முடிவுகள் அச்சேறின. உலகத்துப் பல் மருத்துவப் பாடப் புத்தகமெல்லாம் இன்றைக்கும் அதன்மேல்தான் நிற்கிறது. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ முடியாத மனிதர்களின் வாயில் அந்த உண்மை கண்டுபிடிக்கப்பட்டது என்பதை நினைக்கிறபோது கையேடு எழுதுகிறவனுக்கும் இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. ஸ்வீடன்காரர்கள் அதற்குப் பிறகு குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்று வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டு ஆறு நாள் பல்லுக்கு விடுமுறை. வளர்ப்புத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய இடி கிடையாது.

டாஃபிக்கு நாம் ஸ்வீடன் வரை போகவேண்டியதில்லை. கமர்கட்டு இருக்கிறது. வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டிய அந்தக் கல்லை யாரும் கடிப்பதில்லை, கடிக்கவும் முடியாது. இடது கன்னத்தில் கொஞ்ச நேரம், வலது கன்னத்தில் கொஞ்ச நேரம் என்று உருட்டிக்கொண்டே மதுரையில் ஏறினால் விருதுநகர் வரை வரும். கடைசியில் இளகிக் கடைவாய்ப் பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்வதை நாக்கின் நுனியால் நோண்டுவீர்களே, அதை நோண்டாமல் விட்டுவிடுங்கள். ஜவ்வு மிட்டாயும் தோஷமில்லை. பாட்டில் கோலா பிரியர்களுக்கு ஒரு செய்தி: 300 மில்லியில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, பிஎச்சோ இரண்டரை வாக்கில். பாக்டீரியாவின் தயவு இல்லாமலே எனாமல் கரையும். சர்க்கரை போடாத கோலாவிலும் அமிலம் அப்படியே இருக்கிறது. குடித்த கையோடு போய் அழுத்தித் தேய்த்தால் இளகிய மேல்பரப்பு சேர்ந்து வரும். சுத்தமான ஆள் என்ற பெயரும் கிடைக்கும்.

எதிரிகளில் எச்சிலைச் சொல்லிவிட்டேன். ஆரோக்கியமான ஆளுக்கு அது ஒருநாளைக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் சுரக்கிறது. நல்லவேளையாக ராத்திரி தூங்கும்போது ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே கடைசித் தீவனம் படுக்கப்போகும்போது வைக்கவேண்டும். பல் விளக்கியபின் சர்க்கரை போட்ட பால் ஒரு டம்ளர். கைக்குழந்தை வீட்டில் இருந்தால் பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கப் பழக்குங்கள். ஒன்றரை இரண்டு வயதிலேயே மேல்வரிசை முன்பல் பழுப்பேறிக் கரைந்துவிடும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கொள்வதாலும் எச்சில் சுரப்பி அந்தப் பக்கமே இருப்பதாலும் அது தப்பித்துக்கொள்கிறது. என்ன செய்வது, எல்லாவற்றிலும் முழு வெற்றி கிடைப்பதில்லை.

இன்னொரு எதிரி ஃப்ளூரைடு. அது எனாமல் படிகத்துக்குள் புகுந்துகொண்டால் பல் எளிதில் மசியாது. கரைய பிஎச் 4.5 வரை இறங்கவேண்டியிருக்கும். அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் 1945இலேயே இதைக் குடிநீரில் கலக்கத் தொடங்கிப் பிள்ளைகளின் சொத்தையைக் குறைத்துவிட்டது. நம்மிடம் இது பேஸ்ட்டில் வருகிறது. விளக்கி முடித்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளித்துவிட்டால் பல்லில் தங்காது. வெறுமனே துப்பிவிட்டு விடுகிறவர்களைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள். பேஸ்ட்டையே ஒதுக்க ஒரு காரணம் வேண்டுமா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிஞ்சிப்போய்ப் பிள்ளைகளின் பல் பழுப்பேறியதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததும் உண்மை. பிறந்ததிலிருந்து நாள்தோறும் குடிக்கிற தண்ணீருக்கும், பட்டாணி அளவு எடுத்துத் துப்பிவிடுகிற பேஸ்ட்டுக்கும் வித்தியாசமே இல்லை என்பதுபோல் அந்தக் கதையைக் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

இத்தனையும் செய்தால் முதலில் ஈறோரம் சுண்ணாம்பு தடவினாற்போல் ஒரு மங்கல் வெள்ளைப் புள்ளி வரும். ஜாக்கிரதை! பண்ணை பறிபோகக்கூடிய கட்டம் இது ஒன்றுதான். மேல்தோல் உடையாமல் உள்ளே மட்டும் தாது குறைந்திருக்கிறது. ஃப்ளூரைடும் எச்சிலும் சேர்ந்தால் இதைத் திருப்பிவிடும். இந்தச் சமயத்தில் பல் டாக்டர் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போங்கள். புள்ளி பழுப்பாகி, ஊசி நுனியளவு குழி விழுந்துவிட்டால் நிம்மதி. எனாமலுக்குக் கீழே இருக்கிற டென்டின் அவ்வளவு கெட்டியில்லை. பிஎச் 6க்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போதே கரையத் தொடங்கிப் பக்கவாட்டில் விரியும். வெளியே மிளகளவு ஓட்டை, உள்ளே குகை. ஒருநாள் பொரிகடலை கடிக்கும்போது கூரை உள்ளே சரியும்.

ஜில்லென்று மோர் பட்டால் சுரீர் என்னும். கிராம்பு எண்ணெய் வையுங்கள். அதிலுள்ள யூஜினால் மரத்துப்போகச் செய்யும், குணமான மாதிரி இருக்கும். பிறகு ராத்திரி வலி. படுத்தால் பல்லுக்குள் ரத்த அழுத்தம் கூடித் தெறிக்கும், உட்கார்ந்தால் தேவலை. அதற்கும் பிறகு, ஒருநாள், வலி முழுவதுமாக நின்றுவிடும். உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். தானாகவே சரியாகிவிட்டதென்று அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். கன்னம் வீங்க இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன.

வீங்கியபின் போகாமல் தீராது. எல்லா ஊரிலும் அந்த உரையாடல் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது.

"எத்தனை நாளா சார் வலிக்குது?"

"நேத்து ராத்திரியிலேருந்துதாம்மா."

டாக்டர் கொக்கி முனையால் ஓரமாகத் தட்டிப் பார்க்கிறார்.

"இந்தப் பக்கமா மென்னு சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு?"

"அது... போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி."

"ரூட் கெனால் பண்ணி கேப் போட்டா பல்லைக் காப்பாத்திடலாம் சார். மூணு நாலு தடவை வரவேண்டியிருக்கும்."

"புடுங்கிட்டா எவ்வளவும்மா ஆகும்?"

பிடுங்கிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பற்கள் அந்தச் சந்தைப் பார்த்துச் சாயும், மேல்வரிசைப் பல் கீழே இறங்கும், புதிய இடுக்குகள் உண்டாகும். எல்லாம் கொட்டகைக்கு நல்ல இடம். இத்தனை நாள் மெல்லாமல் வைத்திருந்த அந்தப் பக்கம் முழுக்கப் பிளேக் தடித்துப்போய்க் கிடக்கும், தேய்த்துக் கெடுத்துவிடாதீர்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வரும்போதே அதற்கு முன்னால் இருக்கிற பல்லை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக ஏதாவது தட்டுப்பட்டால், இரண்டாம் போகம் ஏற்கெனவே பிடித்துவிட்டது.